பல்லுக்கு ‘லைட்’ அடித்தால் சரியாகிவிடுமா? விளம்பர வெளிச்சமும் வைத்திய வெளிச்சமும்

போனைத் திறந்தால் போதும். நீல நிறத்தில் ஒளிரும் ஒரு குட்டிக் கருவியைப் பற்களுக்கு நடுவே கவ்விக்கொண்டு யாராவது சிரித்துக்கொண்டிருப்பார்கள். ‘தினமும் கொஞ்ச நேரம், பல் பளிச்’ என்பார்கள். அடுத்த ரீலில் சிவப்பு விளக்கு பொருத்திய டூத் பிரஷ் வரும். ஈறு வீக்கம், ரத்தக் கசிவு, வாய்ப்புண், பல் கூச்சம் என எல்லாவற்றுக்கும் ஒரே பட்டன். சார்ஜ் போட யு.எஸ்.பி. கேபிள் இலவசம்.

இதைப் பார்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ‘நாசா டெக்னாலஜியாம், வாங்கிப் பார்த்துடலாம்’ என்பது ஒரு கட்சி. ‘டார்ச் அடிச்சா பல் நோய் போயிடுமா? எல்லாம் டுபாக்கூர்’ என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேரும் பாதி தூரத்திலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது என் கருத்து. வாய்க்கான ஒளி சிகிச்சை உண்மையான மருத்துவம்தான். ஆனால், அது சிறப்பாக வேலை செய்யும் இடம் ஒன்று. நமக்கு அது விற்கப்படும் இடம் வேறொன்று. இந்த இடைவெளியில் நஷ்டப்படுவது நம் பர்ஸ் மட்டும் இல்லை. இந்தச் சிகிச்சை கட்டாயம் தேவைப்படுகிற புற்றுநோயாளிகளும்தான்.

வெளிச்சம் எப்படி மருந்தாகும்?

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் நீல விளக்கின் கீழ் படுக்கவைப்பார்கள். நம்மில் பலர் இதை மருத்துவமனைகளில் பார்த்திருப்போம். குழந்தையின் தோலில் தேங்கியிருக்கும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் நீல ஒளியை உள்வாங்குகிறது. உடனே, உடல் சுலபமாக வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாறிவிடுகிறது. 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஒரு செவிலியர், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் தோல் மஞ்சள் குறைந்திருப்பதைக் கவனித்தார். அங்கிருந்து வளர்ந்த சிகிச்சை இது. அதற்கும் முன்பே, தோலில் வரும் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை அளித்த டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சென் 1903-ல் நோபல் பரிசு வாங்கிவிட்டார்.

இதில் ஒரு எளிய விதி இருக்கிறது. வெளிச்சம் உடலில் எதையாவது செய்ய வேண்டுமென்றால், அதை உள்வாங்கிக்கொள்ள அங்கே ஒரு பொருள் இருக்க வேண்டும். அந்தப் பொருளுக்குப் பிடித்த நிறம் வேண்டும். போதுமான அளவு வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் விளக்குதான்.

எனவே, எந்த ‘லைட் தெரபி’ விளம்பரத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த வெளிச்சத்தை வாய்க்குள் எது உள்வாங்குகிறது?

பல் டாக்டரின் நீல விளக்கு என்ன செய்கிறது?

சொத்தைப் பல்லை அடைக்கும்போது டாக்டர் துப்பாக்கி மாதிரி ஒன்றை வாய்க்குள் வைத்து நீல ஒளி பாய்ச்சுவாரே, அது சிகிச்சை ஒளியே கிடையாது. பல்லில் வைத்த பசையை இறுக்குவதற்கான கருவி. அந்தப் பசையில் கேம்ஃபர்குவினோன் என்ற பொருள் கலந்திருக்கும். சுமார் 470 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டதும் அது வினையைத் தொடங்கிவைக்க, சில நொடிகளில் பசை கல்லாகிவிடும். வெளிச்சம் வேலை செய்வது பசையில், பல்லில் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பல் வெண்மையாக்கும் கிட்களில் வரும் நீல விளக்கு, அந்த க்ளினிக் தோற்றத்தைத்தான் கடன் வாங்குகிறது. பார்த்ததும் ‘டாக்டர் வெச்சிருக்கிற அதே லைட்’ என்று மனசு நம்பிவிடுகிறது.

வெண்மைக்கு விளக்கு தேவையா?

பல்லை உண்மையில் வெளுக்கவைப்பது கிட்டில் கூடவே வரும் ஜெல். அதில் ஹைட்ரஜன் பெராக்சைடோ கார்பமைடு பெராக்சைடோ இருக்கும். (10% கார்பமைடு பெராக்சைடு உடைந்தால் சுமார் 3.5% ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும்.) இது எனாமலுக்குள் ஊடுருவி, கறைக்குக் காரணமான மூலக்கூறுகளை ஆக்ஸிஜனேற்றம் செய்து உடைக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது நம் கேள்வியைக் கேட்போம். நீல ஒளியை உள்வாங்குவது எது? பெராக்சைடு புற ஊதாக் கதிரை உள்வாங்கும். கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியை ஏறக்குறைய கண்டுகொள்ளாது. கறைகள் கொஞ்சம் உள்வாங்கலாம். ஆனால் ஜெல் மட்டும் ஒரு பக்கம், ஜெல்லுடன் விளக்கு இன்னொரு பக்கம் என வைத்து ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இறுதி நிறத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்றே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

‘இல்லைங்க, நான் போட்டுப் பார்த்தேன், உடனே வெள்ளையாச்சு’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்துவிடும். காய்ந்த எனாமல் கூடுதல் வெள்ளையாகத் தெரியும். எச்சில் பட்டுப் பல் பழையபடி ஈரமானதும் அந்தக் கூடுதல் வெள்ளை போய்விடும். ‘பிஃபோர் - ஆஃப்டர்’ படம் எப்போதுமே உடனே எடுக்கப்படுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

இன்னொன்று. எல்லாக் கறையும் ஒரே கறை கிடையாது. டீ, காபி, வெற்றிலைக் கறை வெளியிலிருந்து படிவது. பெரும்பாலும் பல் டாக்டரிடம் ஒருமுறை சுத்தம் செய்தாலே குறையும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் குடிநீரில் இருக்கும் அதிக ஃபுளூரைடால் வரும் பழுப்புக் கறையோ, பல் உருவாகும்போதே உள்ளே பதிந்தது. அதற்கு என்ன செய்யலாம் என்பதை டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும். செயற்கைப் பல் உறையும் பல் நிற அடைப்பும் எந்த ஜெல்லுக்கும் மாறாது. கூச்சமோ சொத்தையோ இருக்கும் பல்லில் பெராக்சைடைப் போட்டால், பளிச் சிரிப்புக்குப் பதில் சுளீர் வலிதான் மிஞ்சும்.

ஈறு நோய்க்கு?

இங்கே விஷயம் கொஞ்சம் சிக்கலானது. ஈறு நோயோடு தொடர்புடைய சில பாக்டீரியாக்கள் தங்களுக்குள் போர்ஃபிரின் என்ற நிறமியைச் சேர்த்துவைத்திருக்கும். நீல ஒளி அந்த நிறமியில் பட்டால், பாக்டீரியாவே சாகும் அளவுக்கு வினை நடக்கும். ஆய்வகத்தில் இது நிரூபணமானது. அந்த அடிப்படையில்தான் பல ‘நீல விளக்கு பிரஷ்’ விளம்பரங்கள் ஓடுகின்றன.

ஆனால் ஆய்வகத் தட்டு வேறு, வாய் வேறு. பல்லில் கிருமிகள் அடுக்கடுக்காக, பிசுபிசுப்பான படலமாக ஒட்டியிருக்கும். நோய் முற்றியவர்களுக்கு, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழமான பைகள் உருவாகி, அதற்குள் காரை கல்போல் இறுகியிருக்கும். வெளியிலிருந்து அடிக்கும் விளக்கு அந்தக் காரையைக் கரைக்காது. அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

டாக்டர்கள் செய்யும் முறை வேறு மாதிரி. மெத்திலீன் நீலம் போன்ற சாயத்தை அந்தப் பைக்குள் செலுத்தி, கிருமிகள்மேல் ஒட்டவைத்து, அந்தச் சாயம் உள்வாங்கும் சிவப்பு லேசரை மெல்லிய குழாய் வழியாக உள்ளேயே பாய்ச்சுவார்கள். சாயம், ஒளி, ஆக்ஸிஜன் மூன்றும் சேர்ந்து கிருமியைக் கொல்லும். உள்வாங்கும் பொருளை நாமே கொண்டுபோய் வைப்பதால் நம் விதிக்குப் பொருந்துகிறது. அப்படியிருந்தும் நிபுணர்கள் ஒரே குரலில் பேசவில்லை. வழக்கமான ஆழ் சுத்தத்தோடு இதையும் சேர்த்தால் ஓரளவு கூடுதல் பலன் உண்டு என்று 2015-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல் சொன்னது. 2020-ல் வந்த ஐரோப்பிய ஈறு நோயியல் கூட்டமைப்பின் வழிகாட்டுதலோ, இதைச் சேர்க்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

கவனியுங்கள். க்ளினிக்கில், சாயத்தோடு, லேசரோடு, சுத்தம் செய்ததற்குப் பிறகு செய்வதற்கே இவ்வளவு விவாதம். அப்படியென்றால், சாயமும் இல்லாமல், சுத்தமும் செய்யாமல், பாத்ரூமில் இரண்டு நிமிடம் அடிக்கும் விளக்குக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வெளிச்சம் ஜெயித்த இடம்

இனி, இந்தக் கட்டுரை எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை பொதுவாக 6, 7 வாரம் நடக்கும். இரண்டாவது, மூன்றாவது வாரத்திலேயே வாயின் உள்தோல் சிவந்து, உரிந்து, புண்ணாக ஆரம்பிக்கும். நமக்கு வரும் சாதாரண வாய்ப்புண்ணே ஒரு சாம்பார் சாதத்தைச் சாப்பிட விடாது. வாய் முழுக்க, தொண்டை வரைக்கும் அப்படி இருந்தால்? தண்ணீர் விழுங்கினாலே எரியும். எச்சிலை விழுங்கக்கூட யோசிப்பார்கள். எடை குறையும். மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு செலுத்த வேண்டிவரும். மார்ஃபின் வகை வலி மருந்துகள் தேவைப்படும். சிலருக்குச் சிகிச்சையையே சில நாட்கள் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். கதிர்வீச்சில் அப்படி விழும் இடைவெளி, புற்றுநோய்க்குச் சாதகமாகிவிடும்.

இந்தப் புண்ணைத் தடுப்பதில்தான் சிவப்பு ஒளி தன்னை நிரூபித்திருக்கிறது. கதை ஹங்கேரியில் தொடங்குகிறது. 1960-ல் அமெரிக்காவில் தியோடர் மைமான் முதல் லேசரை உருவாக்கினார். லேசர் புற்றுநோயை உண்டாக்குமா என்று பார்க்க, புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் எலிகளின் முதுகை மழித்து, குறைந்த சக்தி லேசரைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை, மழித்த இடத்தில் முடி வேகமாக வளர்ந்தது. 1967-ல் அவர் வெளியிட்ட அந்தக் கவனிப்புதான், திசுவைச் சுடாமல் தூண்டிவிடும் இந்தச் சிகிச்சைக்கு விதை. விளம்பரங்கள் சொல்லும் ‘நாசா’ கதையிலும் உண்மை உண்டு. விண்வெளியில் செடி வளர்க்க உருவாக்கிய எல்.இ.டி. விளக்குகளை, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பெற்ற குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் சோதித்தார்கள். நாசா ஆராய்ச்சி பல் வெளுப்பதற்காக நடக்கவில்லை என்பதை மட்டும் விளம்பரம் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

சரி, இங்கே ஒளியை உள்வாங்குவது எது? செல்லின் பவர் ஹவுஸ் என்று பள்ளியில் படித்த மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ் என்ற புரதம் என்பதுதான் பரவலாக ஏற்கப்படும் விளக்கம். சிவப்பு ஒளியும், அதற்கு அடுத்த, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் படும்போது செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது, வீக்கம் குறைகிறது, புண் ஆறும் வேகம் கூடுகிறது.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. கர்நாடகத்தின் மணிபாலில் 221 நோயாளிகளை வைத்து நடத்திய சோதனை 2012-ல் வெளியானது. பாதிப் பேருக்கு உண்மையான லேசர்; மீதிப் பேருக்குக் கருவியை மட்டும் காட்டும் பாவனை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது. லேசர் பெற்றவர்களுக்குக் கடுமையான புண்ணும், வலியும், விழுங்கும் சிரமமும், மார்ஃபின் வகை மருந்தின் தேவையும் குறைந்தன. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ல் இந்தச் சிகிச்சைக்குப் பச்சைக்கொடி காட்டியது. புற்றுநோய் ஆதரவு சிகிச்சைக்கான சர்வதேச அமைப்பின் வழிகாட்டுதல்களும் இதைப் பரிந்துரைக்கின்றன.

கதிர்வீச்சு நடக்கும் வாயில் செல்களைத் தூண்டினால் புற்றுநோய்ச் செல்லும் வளராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதுவரையிலான மருத்துவச் சோதனைகளில் அப்படி ஓர் ஆபத்து தென்படவில்லை. இருந்தாலும் பலனையும் சாத்தியமான அபாயத்தையும் நோயாளியிடம் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டுதல்களே வலியுறுத்துகின்றன. இந்த ஒரு காரணத்துக்காகவே இது டாக்டர் மேற்பார்வையில் நடக்க வேண்டிய சிகிச்சை; வீட்டில் முயன்று பார்க்கும் சமாச்சாரம் கிடையாது.

அப்புறம் ஏன் எல்லோருக்கும் கிடைப்பதில்லை?

2022-ல் இந்தியாவில் புதிதாகச் சுமார் 1.43 லட்சம் பேருக்கு உதடு, வாய்ப் புற்றுநோய் வந்திருப்பதாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு சொல்கிறது. புகையிலை, குட்கா, பாக்கு நமக்குக் கொடுத்த பரிசு இது. இவர்களில் கணிசமானவர்களுக்குக் கதிர்வீச்சு தேவைப்படும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். மணிபால் சோதனையில் வாய்க்குள் ஒவ்வொரு புள்ளிக்கும் 3 ஜூல் ஆற்றல், ஒரு நாளைக்கு மொத்தம் 36 முதல் 40 ஜூல், வாரம் 5 நாள். அவர்கள் பயன்படுத்திய 24 மில்லிவாட் அளவில் ஒரு புள்ளிக்கு 2 நிமிடத்துக்கும் சற்று அதிகம்; ஒரு நோயாளிக்குச் சுமார் 25 நிமிடம். ஒரு கருவியும் ஓர் ஆளும் 8 மணி நேரம் இடைவிடாமல் வேலை செய்தாலும் 20 பேரைத் தொட முடியாது. ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவின் வரிசையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

ஆக, சிக்கல் விளக்கின் விலை மட்டும் கிடையாது. பயிற்சி பெற்ற ஆள், தினமும் 25 நிமிடம், அதற்கு ஓர் அறை. இது யாருடைய வேலை என்பதிலும் குழப்பம். புண் வாயில் வருகிறது. சிகிச்சை நடப்பது கதிர்வீச்சுப் பிரிவில். பல் மருத்துவர் ஒரு கட்டடத்தில், நோயாளி இன்னொரு கட்டடத்தில்.

தீர்க்க முடியாத சிக்கலா? இல்லை என்பேன். ஒரே நேரத்தில் பெரிய பரப்பில் ஒளி பாய்ச்சும் எல்.இ.டி. தொகுப்புகள் வந்துவிட்டன. அதனால் நேரம் குறைகிறது. பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். தமிழ்நாட்டில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் புற்றுநோய் மையங்களோடு இணைத்தால் ஆள் பிரச்சினை பெருமளவு தீரும். கதிர்வீச்சுக்குக் காப்பீட்டுத் திட்டம் பணம் கொடுக்கிறது என்றால், அந்தக் கதிர்வீச்சைப் பாதியில் நிறுத்தாமல் முடிக்க உதவும் சிகிச்சையும் அதே தொகுப்புக்குள் வர வேண்டும். குழாய் வழி உணவு, கூடுதல் படுக்கை நாட்கள், வலி மருந்து ஆகியவற்றுக்கு ஆகும் செலவை எதிரே வைத்துப் பார்த்தால், இதைத் தர்மமாகச் செய்ய வேண்டிய அவசியம்கூட இல்லை. லாபக் கணக்கே போதும்.

‘கெடுதல் இல்லையே, வாங்கினால் என்ன?’

பலரும் கேட்கும் கேள்வி இது. பணம் போனது போகட்டும். நான் பயப்படுவது தாமதத்துக்கு.

கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு. நாக்கோரம் வலியே இல்லாத ஒரு புண். போனில் பார்த்த சிவப்பு விளக்கை வாங்கி, ‘ஒரு மாசம் கோர்ஸ் முடிக்கலாம்’ என்று ஒருவர் தினமும் அடித்துக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். அந்த ஒரு மாதம் விலைமதிப்பில்லாதது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத எந்த வாய்ப்புண்ணுக்கும் முதல் சிகிச்சை, டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுவதுதான். ஈறில் ரத்தம் வருவதும் அப்படியே. விளக்கு அடித்து ஆறு மாதம் ஓட்டினால், அதற்குள் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையத் தொடங்கியிருக்கலாம். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வராது.

பல் கூச்சம், தாடை மூட்டு வலி, சாதாரண வாய்ப்புண், கிளிப் போட்ட பிறகு வரும் வலி ஆகியவற்றுக்கும் சிவப்பு, அகச்சிவப்பு ஒளி ஓரளவு நிவாரணம் தருவதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. பல ஆய்வுகள் சிறியவை. ஒவ்வொன்றிலும் அளவு வேறு. இங்கே அளவுதான் எல்லாம். குறைந்தால் பலனில்லை, கூடினால் பலன் தலைகீழாகிவிடும். மருந்துச் சீட்டில் மில்லிகிராம் எழுதாமல் ‘ஒரு மாத்திரை போடுங்க’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

வாங்கும் முன், படுக்கும் முன் கேளுங்கள்

* எந்த நோய்க்கு இந்த ஒளி? ‘எல்லாவற்றுக்கும்’ என்று பதில் வந்தால் கார்டை உள்ளே வையுங்கள்.
* அலைநீளம் எத்தனை நானோமீட்டர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல்? ‘16 பல்ப் இருக்கு’ என்பது பதில் ஆகாது.
* நோயைக் குணமாக்கும் என்று சொல்கிறார்களா? 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் மருத்துவக் கருவிகள் எல்லாமே மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன. கருவிக்கு உரிமம் உண்டா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.
* க்ளினிக்கில் லேசர் என்றால், உங்கள் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி தருகிறார்களா?
* ஒளிக்குத் தோலைக் கூசவைக்கும் மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா? டாக்ஸிசைக்ளின் அப்படிப்பட்ட ஒன்று. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.
* லேசர் இல்லாமல் வழக்கமான முறையில் செய்தால் என்ன குறையும்? நேர்மையான டாக்டர் இதற்கு நேரடியாகப் பதில் சொல்வார்.

உங்கள் வீட்டிலோ நட்பிலோ யாருக்காவது வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தொடங்கப்போகிறது என்றால், இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: “வாய்ப்புண் வராமல் இருக்க இங்கே ஒளி சிகிச்சை உண்டா, டாக்டர்? இல்லையென்றால் எங்கே கிடைக்கும்?” கதிர்வீச்சு தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். புண் வந்த பிறகு ஆற்றுவதைவிட வராமல் தடுப்பதில்தான் இந்தச் சிகிச்சையின் பலம் இருக்கிறது. நிறையப் பேர் கேட்க ஆரம்பித்தால்தான் மருத்துவமனைகளும் கருவி வாங்கும். அரசும் பட்டியலில் சேர்க்கும்.

மற்றபடி, நம் பல்லுக்கு என்ன வேண்டும்? ஃபுளூரைடு பேஸ்ட், காலையும் இரவும் இரண்டு நிமிடம், ஆண்டுக்கு ஒருமுறையாவது பல் டாக்டர். இதற்கு சார்ஜர் தேவையில்லை.